கடலூர், புதுச்சேரியில் மீடியம் வேவ் வானொலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பழைய ரேடியோவைப் பற்றிப் பேச்செடுத்தால் இளையவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். வீட்டுப் பரணில் தாத்தாவின் மர்ஃபியோ பிலிப்ஸோ கிடைத்தவர்களும் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பதில்களில் என் சொந்த விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும்.

கடலூருக்கென்று ஒரு ரேடியோ ஸ்டேஷன் இருந்ததா?

மீடியம் வேவில், அதாவது டயலில் 'எம்.டபிள்யூ.' என்று போட்டிருக்கும் மத்திய அலையில், இல்லை. மாவட்டத் தலைநகரம், பழைய துறைமுகம், ஒரு காலத்தில் ஆங்கிலேயருக்கே தலைமையிடம் என்று எத்தனை பெருமை இருந்தாலும் வானொலியைப் பொறுத்தவரை கடலூர் நேயர் ஊர்தான். வடக்கே சென்னை, தென்மேற்கே திருச்சி, கூப்பிடு தூரத்தில் புதுச்சேரி, தெற்கே கடலைத் தாண்டி சிலோன், அதாவது இலங்கை வானொலி. இந்த நான்கில் எது வேண்டுமோ அதைத் திருப்பிக்கொள்ளலாம்.

அதனால் யார் எந்த ஸ்டேஷன் கேட்கிறார்கள் என்பதை வைத்தே ஆளை ஓரளவு எடை போட்டுவிடலாம். மஞ்சக்குப்பத்து ஆபீஸ்காரர்கள் வீட்டில் காலையில் சென்னை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயி வீட்டில் திருச்சி. சலூன், டீக்கடை, தையல் கடை என்றால் கேட்கவே வேண்டாம், சிலோன். சொந்த ஸ்டேஷன் இல்லையே என்று குறைப்பட்ட யாரையும் நான் பார்த்ததில்லை. உள்ளூர் ஸ்டேஷன் ஒன்று பக்கத்திலேயே நின்று மற்றதையெல்லாம் அமுக்காமல் இருந்ததே நமக்கு வசதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விவசாயிகள் ஏன் திருச்சியைக் கேட்டார்கள்?

உழவர் நிகழ்ச்சிக்காக. திருச்சி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் ரகம் வந்தபோது அதை எப்படி நாற்றுவிடுவது, எப்போது உரம் போடுவது என்று அந்த நிலையம் தொடர்ந்து சொல்லிவந்தது. கேட்டுப் பயிரிட்ட விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. காவிரிப் பாசனத்தின் கடைமடை நம் மாவட்டத்தின் தென்பகுதிவரை வருவதால் அந்தப் பெயர் இங்கேயும் புழங்கியது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. சாயங்காலம் ரேடியோ ரூமைத் திறந்து குழாய் ஒலிபெருக்கியில் போட்டால் செய்தியிலிருந்து பாட்டு வரைக்கும் ஊரே கேட்கும்.

புதுச்சேரி நிலையம் எப்போது வந்தது?

1967-ல். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் தேதி நடைமுறையில் முடிந்தது, சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. அதற்கும் ஐந்து ஆண்டு கழித்துத்தான் ஆகாசவாணி வந்தது. அதுவரை புதுச்சேரிக்காரர்களும் நம்மைப் போலவே சென்னையையும் திருச்சியையும் சிலோனையும் கேட்டவர்கள்தான்.

நிலையம் கோரிமேடு இந்திரா நகரில் இருக்கிறது. அதன் மீடியம் வேவ் இடம் 1215 கிலோஹெர்ட்ஸ், ஏறக்குறைய 247 மீட்டர், 20 கிலோவாட். பழைய டயலில் முள்ளை வலது பக்கமாக நன்றாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பின்னாளில் 102.8-ல் எஃப்.எம். ரெயின்போவும் சேர்ந்தது. 1967 என்ற ஆண்டுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ரேடியோ சிலோன் அரசுக் கூட்டுத்தாபனமாக (கார்ப்பரேஷனாக) மாறியது அதே வருஷம் ஜனவரியில்தான். ஆனால் கொழும்பில் பலகையை மாற்றினாலும் நம் ஊர் வாயில் அது கடைசிவரை 'சிலோன்'தான்.

சிலோன் நம்ம ஊரில் ஏன் அவ்வளவு தெளிவாக எடுத்தது? கோயம்புத்தூர்க்காரர்கள் அப்படிச் சொல்வதில்லையே.

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. தேசப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு, புத்தளம், கோடியக்கரை, நாகப்பட்டினம், காரைக்கால், கடலூர், புதுச்சேரி ஆகிய எல்லா ஊரும் ஏறத்தாழ 79.8 பாகை தீர்க்கரேகையை ஒட்டியே இருக்கின்றன. ஒரு அடிக்கோலைச் செங்குத்தாக வைத்தால் எல்லா ஊரையும் தொட்டுக்கொண்டு போகும். இந்திய நேயர்களுக்கான 873 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பு வந்த புத்தளத்துக்கும் கடலூருக்கும் வான்வழித் தூரம் சுமார் 410 கிலோமீட்டர். புத்தளத்தை விட்டதும் மன்னார் வளைகுடா, பிறகு பாக் நீரிணை, கோடியக்கரைக்கு மேலே கடற்கரையின் விளிம்பு என்று வழியில் பெரும்பகுதி உப்புத் தண்ணீரும் ஈர மண்ணும்தான்.

மீடியம் வேவ் பகலில் தரையோடு தரையாகத் தவழ்ந்து வரும். அந்தத் தரை எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறதோ அவ்வளவு தூரம் அலை தளராமல் வரும். உப்புக் கடல் இதில் முதல் தரம். காய்ந்த பாறையும் மலையும் கடைசித் தரம். ஆகவே நடுப்பகல் 12 மணிக்கும் தேவனாம்பட்டினத்தில் சிலோன் பக்கத்து வீட்டுக் குரல் மாதிரி கேட்டதில் அதிசயம் எதுவும் இல்லை. கோயம்புத்தூருக்கு அதே அலை நிலத்தையும் மலையையும் கடந்து போக வேண்டியிருந்தது. கடலுக்குப் போனவர்களுக்கு இன்னும் சுகம். கட்டுமரத்தில் பாலிதீன் கவரில் சுற்றிய டிரான்சிஸ்டரில், கரையில் கேட்பதைவிடத் தெளிவாகவே கேட்கும்.

சரி, தெளிவாக எடுத்தது. ஆனால் அவ்வளவு பைத்தியம் ஏன்?

பாட்டு. 1952-ல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். அவர் காலத்தில் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்டக் காணாமல் போயிற்று. கொழும்புக்கு அது அதிர்ஷ்டம். இந்தியும் தமிழும் கேட்க விரும்பியவர்கள் முள்ளை அந்தப் பக்கம் திருப்பினார்கள். டெல்லி விழித்துக்கொண்டு 1957 அக்டோபர் 3-ஆம் தேதி பாட்டுச் சேவையான விவித் பாரதியைத் தொடங்கியது. அதற்குள் நம் கரையில் பழக்கம் ஊறிவிட்டது.

இன்னொரு காரணம் குரல்கள். ஆகாசவாணியில் அறிவிப்பாளர் தன் பெயரைச் சொல்லாமல் மறைந்து நிற்பார். சிலோனில் ஆள் யார் என்பது தெரியும். எஸ்.பி. மயில்வாகனன், மூச்சுவிடாத வேகத்துக்குப் பெயர்போன கே.எஸ். ராஜா, 'வானொலிக் குயில்' ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது என்று ஒவ்வொருவருக்கும் இங்கே ரசிகர் கூட்டம். காலையில் 'பொங்கும் பூம்புனல்', அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து. 'பாட்டுக்குப் பாட்டு' நேரத்தில் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுச் சலூனில் முகச்சவரம் பாதியில் நிற்கும். போட்டியாளர் எழுத்துக்குப் பாட்டுத் தேடித் திணறும்போது நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவர் பாடிக் காட்டுவார், கத்தி பிடித்தவர் அது வேற எழுத்துண்ணே என்று திருத்துவார்.

அப்துல் ஹமீதின் சுத்தமான உச்சரிப்பைக் கேட்டே ழகரம் பழகிய பையன்கள் எங்கள் பக்கம் உண்டு. தமிழ் வாத்தியார்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ராத்திரியானால் மட்டும் தூரத்து ஸ்டேஷன் வருகிறதே, எப்படி?

பூமிக்கு மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரிய ஒளியால் உண்டாகும் ஒரு மின்னேற்ற அடுக்கு இருக்கிறது. டி அடுக்கு என்பார்கள். பகலில் மேலே போகும் மீடியம் வேவை அது விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிடும். அதற்கு மேலே உள்ள அடுக்குகள் ராத்திரியும் இருப்பதால் அலை அங்கே போய்ப் பட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். தரையில் வந்த அலையும் வானில் போய்த் திரும்பிய அலையும் ஒன்றோடொன்று மோதும்போதுதான் குரல் ஏறி இறங்கி, நடுவில் கரகரத்து, அப்புறம் தானாகச் சரியாகும்.

மார்கழி, தை மாதம் இதற்கு நல்ல காலம். இடி குறைவு, இரவு நீளம். சித்திரை, வைகாசிக் கோடை இடியும் ஐப்பசி மழையும் இருக்கும்போது காதில் வெறும் 'பட்பட்'தான்.

ராத்திரி எந்தெந்த ஸ்டேஷன் எடுக்கும்?

எல்லாவற்றையும் சொன்னால் பட்டியலாகிவிடும். கிழக்குக் கரைக்கு உரியவற்றை மட்டும் சொல்கிறேன். 1000 கிலோவாட் பூதங்கள் சில: நாக்பூர் 1566 கிலோஹெர்ட்ஸ் (1988-ல் தொடங்கிய தேசிய அலைவரிசை இங்கிருந்துதான் இரவு முழுக்க வந்தது), கல்கத்தா பக்கம் சின்சுராவிலிருந்து 594, டாக்கா 693, தாய்லாந்திலிருந்து அமெரிக்கக் குரல் (வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா) 1575. தாய்லாந்துக்கும் நமக்கும் நடுவில் வங்காள விரிகுடாதானே, சாயங்காலம் இருட்டியதும் முதலில் தலைகாட்டிய வெளிநாடு பல நாள் அதுதான். மேற்கே பெங்களூர் 612-ம் ஆலப்புழை 576-ம் தவறாமல் வரும். புத்தளத்திலிருந்தே 882-ல் ஒரு கிறிஸ்தவ ஒலிபரப்பும் 400 கிலோவாட்டில் வந்தது. 873-க்கு ஒட்டிய இடம் என்பதால் மலிவு ரேடியோக்களில் பாட்டும் பிரசங்கமும் சேர்ந்தே கேட்கும்.

இந்த எண்களுக்குள் ஏதாவது ஒழுங்கு உண்டா? பழைய ரேடியோ டயலில் ஸ்டேஷன்கள் கொஞ்சம் தள்ளி இருக்கின்றன.

உண்டு, அழகான ஒழுங்கு. நம் பகுதி மீடியம் வேவ் இடங்கள் எல்லாம் 9-ஆல் வகுபடும். 720 (சென்னை), 936 (திருச்சி), 1215 (புதுச்சேரி), 1197 (திருநெல்வேலி), 999 (கோயம்புத்தூர்) என்று எதை எடுத்தாலும் இலக்கங்களைக் கூட்டினால் 9, 18 அல்லது 27 வரும். எவராவது ஒரு எண்ணைச் சொல்லி மீடியம் வேவ் என்றால் மனக்கணக்கிலேயே சரிபார்த்துவிடலாம். 725 என்று ஒன்று இங்கே இருக்க முடியாது.

இது 1975-ல் ஜெனீவாவில் நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தம், 1978 நவம்பர் 23 முதல் நடைமுறை. அதற்கு முன் இங்கே 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. உங்கள் தாத்தா ரேடியோ அதற்கு முந்தியது என்றால் டயலில் ஒட்டிய துண்டுக் காகிதமோ பென்சில் கோடோ புது இடத்துக்குச் சற்று விலகியிருக்கும். பெரும்பாலும் சில கிலோஹெர்ட்ஸ்தான். முள் அதைவிடத் தடிமன்.

மொட்டை மாடியில் ஏரியல் கட்டுவார்களாமே?

வால்வு ரேடியோ காலத்தில் கட்டாயம். செம்புக் கம்பியைப் பட்டையாக வலைபோலப் பின்னிக் கடையில் விற்பார்கள். இரண்டு மூங்கில் கழி நட்டு, இரு முனையிலும் பீங்கான் கொட்டை போட்டு இழுத்துக் கட்டி, ஒரு முனையிலிருந்து ஒயரை ஜன்னல் வழியாக இறக்கி ரேடியோவின் முதுகில் உள்ள ஏரியல் துளையில் சொருக வேண்டும். பக்கத்துத் துளை எர்த். அந்த ஒயர் கிணற்றடிக் குழாய்க்குப் போகும், குழாய் இல்லாத வீட்டில் மண்ணில் அடித்த இரும்புக் கம்பிக்கு. கோடையில் அந்த இடத்தில் தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. மண் காய்ந்தால் இரைச்சல் ஏறும். இடி இடித்தால் ஏரியலை உருவி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுவிடுவார்கள்.

எங்கள் ஊரில் பெரிய எதிரி உப்புக் காற்று. செம்புப் பட்டை ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பச்சையாகிவிடும், முடிச்சுப் போட்ட இடத்தில் தொடர்பு விட்டுப்போய் ஸ்டேஷன் விட்டு விட்டுக் கேட்கும். மேலே ஏறி முடிச்சை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வந்தால் சிலோன் திரும்பவும் வீட்டுக்குள் வந்துவிடும்.

டிரான்சிஸ்டர் வந்தபின் இந்த வேலை போயிற்று. உள்ளே இருக்கும் கறுப்பு ஃபெரைட் கம்பியே ஏரியல். அதற்குத் திசை உண்டு. கம்பியின் பக்கவாட்டுப் பகுதி ஸ்டேஷனைப் பார்த்தால் நன்றாக எடுக்கும், முனை பார்த்தால் அமுங்கும். சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால்தான் பேசும் என்று பாட்டிகள் சொன்னது மூடநம்பிக்கை இல்லை.

ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்தது உண்மையா?

உண்மை. தபால் ஆபீஸில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். 1980-களின் நடுவில் எடுத்துவிட்டார்கள்.

சிற்றலையில் (ஷார்ட் வேவில்) என்ன கேட்டார்கள்?

அது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941-ல் தொடங்கியது. 'தமிழோசை' என்ற பெயரில் இரவு ஒன்பதே கால் மணிக்கு வந்ததைக் கேட்காமல் தூங்காத வீடுகள் இருந்தன, ஈழப் போர்க் காலத்தில் இன்னும் அதிகம். 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி வானொலியில் அது நின்றது. சீன வானொலித் தமிழ்ப் பிரிவு 1963 ஆகஸ்டில் தொடங்கியது. மணிலாவிலிருந்து வேரித்தாஸ், மாஸ்கோ, வத்திக்கான் என்று வேறும் உண்டு. கடிதம் போட்டால் நாள்காட்டி, ஒட்டுவில்லை, படம் என்று ஏதாவது வரும். தபால்காரர் வெளிநாட்டு உறையை நீட்டும்போது தெருவில் ஒரு மரியாதை.

தூர ஸ்டேஷனைக் கேட்டதற்கு அட்டை அனுப்புவார்களாமே, இப்போதும் கிடைக்குமா?

சில நிலையங்கள் அனுப்புகின்றன. 'கியூ.எஸ்.எல்.' அட்டை என்பார்கள். நாம் கேட்டதற்கு அவர்கள் தரும் அத்தாட்சி. நல்லா இருந்தது என்று எழுதினால் போதாது. தேதி, நேரம், கிலோஹெர்ட்ஸ், அந்த நேரத்தில் வந்த நிகழ்ச்சியில் குறிப்பாக இரண்டு மூன்று விவரம், உங்கள் ரேடியோ, ஏரியல் பற்றி ஒரு வரி, 'சின்போ' மதிப்பெண் ஆகியவை வேண்டும். சின்போ என்பது அலையின் பலம், குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்த மதிப்பு என்ற ஐந்துக்கும் 1 முதல் 5 வரை போடும் எண். 5 என்றால் மிக நன்று. வெளிநாட்டு நிலையத்துக்கு எழுதும்போது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து உலக நேரத்தைக் குறிப்பிடுங்கள். மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடாதீர்கள், பொறியாளருக்குக் குறைதான் வேண்டும்.

புயல் நேரத்தில் ரேடியோ எவ்வளவு பயன்பட்டது?

இந்தக் கரையில் அதைக் கேட்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்பதை ஊருக்குள் இருப்பவர்கள் ரேடியோவில்தான் தெரிந்துகொண்டார்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டதால் கிராமங்களில் பல நாள் கரண்ட் இல்லை. செல்போனில் சார்ஜ் போயிற்று, டி.வி. சும்மா கிடந்தது. இரண்டு பேட்டரிக் கட்டை போட்ட ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாத அந்த இரவுகளில் ஊருக்குள் மின் இரைச்சலே இல்லாததால் மீடியம் வேவ் சிறுவயதில் கேட்டதுபோல் துல்லியமாக இருந்தது. பலா, முந்திரித் தோப்பு எல்லாம் விழுந்து கிடக்கும்போது அதை ரசித்தேன் என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இப்போது என் வீட்டில் மீடியம் வேவ் போட்டால் வெறும் இரைச்சல்தான். ஸ்டேஷன்களே இல்லையா?

அதுவும் பாதி உண்மை. ஆகாசவாணி பல ஊர்களில் மீடியம் வேவை நிறுத்தி எஃப்.எம்.முக்கு மாறிவிட்டது. மறுபாதி உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாமே மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பவை. ஒவ்வொரு வெட்டும் மீடியம் வேவில் ஒரு கீறல்.

சோதிக்க வழி சுலபம். பேட்டரியில் ரேடியோவைப் போட்டுவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் குற்றவாளி வீட்டில்தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். குறையவில்லை என்றால் ரேடியோவை எடுத்துக்கொண்டு சில்வர் பீச்சுக்கோ வீராம்பட்டினம் கரைக்கோ போய், கடை விளக்குகளை விட்டுத் தள்ளி உட்காருங்கள். சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகு மெல்ல முள்ளை நகர்த்துங்கள்.

டிஜிட்டல் மீடியம் வேவ், அதாவது டி.ஆர்.எம்., சென்னையிலிருந்தும் வருகிறது. சில புதுக் கார்களில் அதற்கான ரேடியோ இருக்கிறது. தனி ரேடியோ வாங்கும் விலைக்கு இன்னும் நியாயம் வரவில்லை என்பது என் கருத்து.

தாத்தாவின் வால்வு ரேடியோ கிடைத்திருக்கிறது. பிளக்கில் போடலாமா?

உடனே போடாதீர்கள். பல வருஷம் சும்மா கிடந்த கன்டன்சர் (மின்தேக்கி) வீங்கியிருக்கும், நேரடியாக 230 வோல்ட் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோகும். விவரம் தெரிந்த மெக்கானிக் ஒரு 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் உயிர் கொடுப்பார். ஏ.சி., டி.சி. இரண்டு கரண்டிலும் ஓடும் வகை செட்டில் உள்ளே இருக்கும் தகரச் சட்டத்திலேயே கரண்ட் இருக்கும், தொட்டால் ஆபத்து.

ஸ்டேஷன் மாற்றத் திருப்பும் கேங் கன்டன்சரின் தகடுகளுக்கு நடுவே கடற்காற்றுப் பூஞ்சணம் பிடித்திருந்தால் மெல்லிய தூரிகையால் துடைக்கலாம். டயல் கயிறு அறுந்திருந்தால் கட்டலாம். ஐ.எஃப்.டி. (உள்ளே இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்) டப்பாவின் மேலே தெரியும் திருகை மட்டும் சும்மா திருப்பிப் பார்க்காதீர்கள், முழு ரேடியோவும் செவிடாகிவிடும்.

பழைய சிலோன் நிகழ்ச்சிகளின் பதிவு கிடைக்குமா?

வீடுகளில்தான் தேட வேண்டும். டேப் ரெக்கார்டர் வந்த காலத்தில் ரேடியோ பாட்டை கேசட்டில் பிடித்தவர்கள் அறிவிப்பாளர் பேச்சை வெட்டிவிடத்தான் பார்த்தார்கள். பாட்டு இன்று எங்கும் கிடைக்கிறது, வெட்டத் தவறிய அரை நிமிடப் பேச்சுக்குத்தான் இப்போது மதிப்பு. அப்படிக் கேசட் இருந்தால் எடுத்ததும் ஓட்டாதீர்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இல்லையென்றால் முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்கச் சுற்றவிட்டு, ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடுங்கள். பூஞ்சை இருந்தால் அந்தக் கேசட்டைத் தனியாக வையுங்கள், நல்ல கேசட்டுக்கும் தொற்றும்.